டி-சர்ட்டுக்கு எத்தனை வருஷம்?

அரசாங்கத்தில் எந்தக் காகிதத்தை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான விதி உண்டு. தாலுகா ஆபீஸிலும் கலெக்டர் ஆபீஸிலும் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்.டிஸ். என்று முடித்த கோப்பு ஒரு வருஷம். கே.டிஸ். மூன்று வருஷம். டி.டிஸ். பத்து வருஷம். ஆர்.டிஸ். என்றால் அழிக்கவே கூடாது. பதிவறைக் குமாஸ்தா பட்டியல் எடுத்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, காலம் முடிந்த கட்டுகளை வெளியே தள்ளுவார். அந்த நேரத்தில் யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. கோப்பை மூடிய அன்றே முடிவும் எடுத்தாகிவிட்டது.

வேட்டி, புடவைக்கும் நம் வீடுகளில் எழுதாத விதி ஒன்று இருந்தது. டி-சர்ட்டுக்குத்தான் எதுவும் இல்லை. நம் வயசுக்காரர்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் பாருங்கள், பீரோவின் அடித்தட்டில் கழுத்து தொங்கிப் போன டி-சர்ட்டுகள் ஒரு அடுக்கு இருக்கும். போடவும் மாட்டோம், போக்கவும் மாட்டோம். இது ஏன் இப்படி ஆயிற்று என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி முதலியார்பேட்டை. அப்பா ரோடியர் மில்லில் நெசவுப் பகுதி. 1898ல் ஆரம்பித்த மில். பிற்காலத்தில் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறினாலும் எங்களுக்குக் கடைசி வரை ரோடியர்தான். ஊரே துணியால் வாழ்ந்த ஊர். புதுச்சேரியிலிருந்து 'கினே' என்ற நீலச் சாயத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனெகல் வரை போனது. அங்கே கருவேலம் பிசின் வாங்குவதற்குப் பணத்துக்குப் பதிலாகவே இந்த நீலத் துணியைக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஃபிரான்ஸின் நதிகளையெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இந்தக் கதையை ஒருவரும் சொல்லவில்லை. நான் ரிட்டயர் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

இத்தனை துணி நெய்த ஊரில் எங்கள் வீட்டில் துணிக்குப் பஞ்சம்தான். அதனால் ஒரு வேட்டி எப்போது 'பழசு' ஆனது என்று யாரும் முடிவு செய்ததே இல்லை. அது படிப்படியாகக் கீழே இறங்கும். வெளியே கட்டும் வேட்டி, வீட்டில் கட்டும் வேட்டியாகும். நடுவில் நைந்தால் இரண்டாகக் கிழித்துத் துண்டாகும். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதைக் கைக்குழந்தைக்கு என்று எடுத்து வைப்பார்கள். பெண்கள் மாதாமாதம் பயன்படுத்திக்கொள்ள ஒரு பங்கு போகும், அதைப் பற்றி ஆண்கள் பேசமாட்டார்கள். மிச்சம் அடுப்படியில் கரித்துணி. கரித்துணிக்கு முன்னாலேயே அம்மா ஒரு முழம் கிழித்து விளக்குத் திரிக்கு வைத்துக்கொள்வாள். கடைசியில் துணி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அம்மாவுக்கு அப்போதும் யுத்த காலத்துக் கண்ட்ரோல் துணி ஞாபகம்தான். 1943க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் துணி கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது திண்டிவனத்தில் இருந்த அவள் பிறந்த வீட்டில் பட்ட பாட்டை, நாங்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டு வரும்போதெல்லாம் சொல்லுவாள்.

அந்தத் தெருவில்தான் முதல் டி-சர்ட்டைப் பார்த்தேன். அப்போது அதற்கு அந்தப் பெயர் தெரியாது. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். இந்தோசீனாவில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா ஒருவர், கை வைத்த, நீலக் கோடு போட்ட பின்னல் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் தரைப்படையா கப்பல்படையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சட்டை கப்பல்படைச் சட்டை. 1858 மார்ச்சில் பிரெஞ்சு அரசாங்கம் கடற்படை மாலுமிகளுக்கு அதை விதித்தபோது வெள்ளைக் கோடு 21 என்று எண்ணிக்கை முதற்கொண்டு எழுதி வைத்தார்கள். கோடு எண்ணும் அரசாங்கத்தைப் பார்த்தால் எந்தக் குமாஸ்தாவுக்கும் மரியாதை வரும். அது மேலே தெரிய வேண்டிய உடுப்பு இல்லை, மேலங்கிக்கு உள்ளே போடும் 'திரிக்கோ'.

டி-சர்ட்டின் சரித்திரமே உள்ளே இருந்து வெளியே வந்த சரித்திரம்தான். அமெரிக்கக் கடற்படை 1913 வாக்கில் அரைக்கை வெள்ளைப் பின்னல் உள்சட்டையை மாலுமிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டு யுத்தங்களிலும் லட்சக்கணக்கான சிப்பாய்கள் அதைப் போட்டுப் பழகி, ஊர் திரும்பியும் மேல்சட்டை இல்லாமல் அதோடு மட்டும் தெருவில் நடந்தார்கள். 1951ல் ஒரு ஹாலிவுட் படத்தில் மார்லன் பிராண்டோ வேர்வை நனைந்த டி-சர்ட்டோடு வந்து நின்ற பிறகு, உள்ளே போடுவது என்ற எண்ணமே அங்கே போய்விட்டது. 'பனியன்' என்ற சொல்லும் இப்படி வேஷம் மாறிய சொல்தான். குஜராத்தி வணிகர்களை 'பனியா' என்று அழைத்த ஐரோப்பியர்கள், இங்கே கற்றுக்கொண்டு போட்ட தொளதொள மேலங்கிக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். அது சுருங்கிச் சுருங்கி உள்சட்டையின் பெயராக நமக்குத் திரும்பி வந்தது. ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் அதே வணிகர்கள் வழியாக வந்ததுதான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். திருப்பூரில் முதல் பின்னலாடைத் தொழிற்கூடத்தை 1925ல் குலாம் காதர் என்பவர் தொடங்கினார் என்பார்கள். ஐம்பது வருஷம் அந்த ஊர் வெள்ளைப் பனியன், ஜட்டியோடு நின்றது. 1970களின் கடைசியில் இத்தாலிக்காரர் ஒருவர் வந்து வெள்ளை டி-சர்ட் கேட்ட பிறகுதான் ஏற்றுமதி பிடித்தது. அதன் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஏற்றுமதியில் தள்ளுபடியானது, ஒரு தையல் பிசகியது, அளவு மாறியது எல்லாம் பாரிமுனை நடைபாதைக்கும் ஆவடி மார்க்கெட்டுக்கும் மூட்டை மூட்டையாக வந்தன. 1974ல் நான் அம்பத்தூருக்குக் குடிவந்தபோது எஸ்டேட் தொழிலாளி காக்கியோ வெள்ளை அரைக்கைச் சட்டையோ போட்டுக்கொண்டுதான் ஷிப்டுக்குப் போவார். 1990களில் பாதிப் பேர் டி-சர்ட். சலவைக்குப் போட வேண்டாம், இஸ்திரி வேண்டாம், கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

துணியின் மதிப்பு எவ்வளவு வேகமாக மாறியது என்பதை என் வேலையிலேயே பார்த்தேன். 1983 பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். இலவச வேட்டி சேலைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற கூட்டத்தை நான் மறக்கவில்லை. ஒரு வேட்டிக்காக ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றார்கள். அதற்கு இருபது வருஷம் கழித்து, பேங்க் கிளை திறப்பு என்றால் டி-சர்ட், நடைப் போட்டி என்றால் டி-சர்ட், சிமெண்ட் டீலர் மீட்டிங் என்றால் டி-சர்ட். எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்ததில் 31 இருந்தது. அதில் காசு கொடுத்து வாங்கியது 9. காசு கொடுக்காமல் வந்த பொருளைத் தள்ளுவது ஏன் இத்தனை கஷ்டம் என்று என் மனைவி கேட்டாள். வாங்கின பொருளுக்குக் கணக்கு உண்டு, போட்ட காசு தீர்ந்தது என்று ஒரு நாள் தோன்றும். சும்மா வந்ததற்கு அந்தக் கணக்கே தொடங்குவதில்லை, அதனால் முடிவதும் இல்லை என்றேன். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சும்மா வந்தது என்றேன், ஆனால் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். திருப்பூர் சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணை வரை போய், விவசாயிகள் வழக்குப் போட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வருஷம் ஊரே ஸ்தம்பித்தது. ஒரு நாள் ஓட்டத்துக்கு மட்டும் போட்டுவிட்டு மடித்து வைத்த என் ஆரஞ்சு நிற டி-சர்ட்டைப் பார்க்கும்போது அந்த ஆறு ஞாபகத்துக்கு வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேட்டி இறங்கிய படிகளில் டி-சர்ட் இறங்குவதில்லை. பின்னல் துணியைக் கையால் நேராகக் கிழிக்க முடியாது, கோணிக்கொண்டு போகும். ஓரம் சுருண்டுகொள்ளும். திரிக்கு ஆகாது. பாலியஸ்டர் கலந்ததாக இருந்தால் தண்ணீரைக் குடிக்காது, கரித்துணியாகப் பிடித்தால் சூட்டில் இளகும். எவர்சில்வர் பாத்திரக்காரம்மாவும் வாங்கமாட்டார். 1980களில் எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் அந்த அம்மாள், பேண்ட்டையும் பட்டுப் புடவையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுக்கு ஒரு டபரா வரும்மா" என்று பேரம் பேசுவார். பனியன் துணியைக் கண்டால் தொடாமலே ஒதுக்கித் தள்ளுவார். மறுபடி விற்கும் சந்தையில் அதற்கு விலை இல்லை.

பாரிஸிலும் இப்படிக் கந்தலை வைத்துப் பிழைத்த ஒரு வர்க்கம் இருந்தது. 'ஷிஃபோனியே' என்பார்கள். மரக்கூழ் வருவதற்கு முன் காகிதமே கந்தல் துணியிலிருந்துதானே வந்தது, அதனால் கந்தலுக்கு நல்ல விலை. 1883 நவம்பரில் யூஜேன் பூபெல் என்ற நிர்வாகி, ஒவ்வொரு கட்டடமும் குப்பையை மூடி போட்ட தொட்டியில்தான் வைக்க வேண்டும், கந்தலையும் காகிதத்தையும் தனியாக வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிழைப்பு போயிற்று என்று ஷிஃபோனியேக்கள் கூச்சல் போட்டார்கள். ஜனங்கள் பழிவாங்கினார்களோ பாராட்டினார்களோ, பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கே இன்றுவரை 'பூபெல்' என்றுதான் பெயர். எந்த அதிகாரிக்கும் அந்தக் கதி வேண்டாம்.

நம் ஊரில் பூபெல்லுக்குப் பதில் போகி. நன்னூலில் பவணந்தி முனிவர் சொற்களின் வழக்கைப் பற்றி எழுதிய சூத்திரத்தை இழுத்துப் போகியோடு கட்டிவிட்டு, டயரையும் டி-சர்ட்டையும் சேர்த்துக் கொளுத்துகிறோம். பருத்தி எரிந்தால் சாம்பல். பாலியஸ்டர் எரிந்தால் கரும்புகையும் உருகிய கட்டியும். எங்கள் தெருவில் ஆஸ்துமாக்காரர்கள் மூன்று பேர், அவர்கள் அன்றைக்கு ஜன்னலைத் திறப்பதே இல்லை.

இந்த வழிகள் எல்லாம் அடைபட்டதால்தான் எல்லோரும் சுலபமான கடைசி வழியைப் பிடித்துக்கொண்டோம்: 'யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடலாம்.' இந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் 2005 ஜனவரியில் நாகப்பட்டினத்தில் பார்த்தேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி. அடுத்த வாரமே வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்களை நிவாரண வேலைக்கு அனுப்பினார்கள். எனக்குப் பதிவேடு எழுதும் வேலை. அரிசி, மண்ணெண்ணெய், பாய், போர்வை எல்லாவற்றுக்கும் பதிவேடு இருந்தது. பழைய துணிக்குப் பதிவேடு எழுத முடியவில்லை. லாரி லாரியாக வந்தது. எண்ணி இறக்க ஆள் இல்லை, வைக்க இடம் இல்லை. சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். மேல் பட்டன் இல்லாத சட்டை, ஜோடி இல்லாத ரவிக்கை, வடநாட்டுக் கம்பளி ஸ்வெட்டர், கம்பெனி பெயர் போட்ட டி-சர்ட்டுகள். கழுத்து கிழிந்தவை, அக்குளில் மஞ்சள் பிடித்தவை. துவைக்காமலே மூட்டை கட்டியவையும் இருந்தன. பனியில் நனைந்து நாறியது. ஆடுகள் மேல் ஏறி நின்றன.

மீனவர்கள் அதைத் தொடவில்லை. நேற்று வரை சொந்தப் படகு, சொந்த வலை, கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி என்று வாழ்ந்தவர்கள். அடுத்தவன் கழித்துப் போட்டதை எதற்குப் போட வேண்டும்? அக்கரைப்பேட்டையில் ஒரு பெரியவர் அந்தக் குவியலைத் தாண்டி வந்து என் மேஜை முன் நின்றார். துணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலைக்கு எப்போது மனு வாங்குவீர்கள் என்று மட்டும் கேட்டார். பத்திரிகைகளில் சிலர் 'வாங்க மறுக்கிறார்கள்' என்று குறையாக எழுதினார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. எங்கள் அம்மா கொடுக்கிற துணியைத் துவைத்து, மடித்து, இரண்டு கையாலும் கொடுப்பாள், அதுவும் கிழியாததை. கந்தலை வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் சட்டம்.

அந்தக் குவியலுக்கும் பிற்பாடு ஒரு வழி கிடைத்தது. டெல்லியில் 1999ல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு தமிழ்நாட்டில் தேங்கிக் கிடந்த துணியை எடுத்துப் பிரித்து, உடுத்தக் கூடியதைத் தனியாக்கி, மற்றப் பருத்தித் துணியை வெட்டிச் சுத்தம் செய்து, பெண்களின் மாதாந்திரத் தேவைக்கான துணிப்பட்டை முதலியவையாக மாற்றியது. குப்தாவுக்கு 2015ல் மகசேசே விருது வந்தது. எங்கள் வீட்டு வேட்டியின் நடுப்படி ஒன்றைத்தான் அவர் பெரிய அளவில் செய்திருக்கிறார் என்று செய்தியைப் படித்தபோது நினைத்தேன். ஆண்கள் பேசாத அந்தப் படி.

அதே 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது முகாம்களில் மறுபடியும் பழைய துணி மூட்டைகள் குவிந்தன. பதினோரு வருஷத்தில் ஒன்றும் மாறவில்லை.

அதனால் நான் எனக்கென்று ஒரு நடைமுறை வைத்துக்கொண்டேன். தோள்பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், பாத்திரக்காரம்மா கற்றுக்கொடுத்ததுதான். கண்ணி இளகி வெளிச்சம் சல்லடையாகத் தெரிந்தால் அது அடுத்த ஐந்தாறு துவையலில் ஓட்டை விடும். கழுத்துப் பட்டை அலை அலையாக நின்றால் அது மீளாது. வயிற்றுப் பக்கம் சின்னச் சின்ன ஓட்டை வருவது பூச்சி என்று நினைக்கிறோம், பெரும்பாலும் பெல்ட் கொக்கியும் மேடை விளிம்பும் உரசுவதுதான். இந்த மூன்றும் இல்லாமல், அதைப் போட்டுக்கொண்டு நானே ஆவின் பால் வாங்கக் கடைக்குப் போவேன் என்றால், அதை இன்னொருவரிடம், வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். போகமாட்டேன் என்றால் அது தானத்துக்கு உரியது இல்லை, வீட்டிலேயே தீர வேண்டியது. ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டினால் சாம்பலாகிறதா, மணியாக உருகுகிறதா என்று தெரிந்துவிடும். பருத்தியானால் அதற்கு இன்னும் இரண்டு வாழ்க்கை உண்டு.

ஒன்று காகிதம். திருப்பூர் வெட்டுத் துணியிலிருந்து கைக்காகிதம் செய்கிறார்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்திக் கந்தலைக் கூழாக்கித்தான் காகிதம் எடுக்கிறது. பாரிஸ் ஷிஃபோனியே செய்த அதே வேலை. இன்னொன்று நம் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இருக்கிறது. லேத்துப் பட்டறைகளில் கை துடைக்க, மெஷின் துடைக்க 'பனியன் வேஸ்ட்' கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். நெய்த துணியைவிடப் பின்னல் துணி எண்ணெயை நன்றாக இழுக்கும், நூல் பிரிந்து பல்சக்கரத்தில் சிக்காது.

ஆர்.டிஸ். வகையில் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு என் தம்பியும் ரோடியர் மில்லுக்கே போனான். மில் ஆட்களின் வாலிபால் குழுவுக்கு அடித்த வெள்ளை டி-சர்ட், முதுகில் 7. 2020 ஏப்ரல் முடிவோடு மில்லை மூடினார்கள். அந்த ஆகஸ்டில் தம்பி போய்விட்டான். கொரோனா காலம், என்னால் புதுச்சேரிக்குப் போக முடியவில்லை. அவன் மனைவி பிற்பாடு அதைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

மற்றதில் பதினான்கை இரண்டாம் மெயின் ரோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நெஞ்சுல எழுத்து அடிச்ச இடத்த மட்டும் வெட்டி எடுத்துடுங்க. அது ரப்பர் மாதிரி, ஆயில இழுக்காது" என்றான். கத்திரிக்கோலும் அவனே கொடுத்தான். பெஞ்சில் உட்கார்ந்து வெட்டினோம். பேங்க் ஒன்று, சிமெண்ட் இரண்டு, ஓட்டப் பந்தயம் ஐந்து. அந்தச் சதுரங்களுக்கு மட்டும் அவனுக்கும் ஒரு வழி தெரியவில்லை.